பழைய சின்ன கார்: ரீகால் பட்டியலையும் ஓனர்கள் புகாரையும் எப்படிப் படிப்பது?

மூன்றாம்கியர் எழுதியது:

எட்டு வருடப் பழைய ஹேட்ச்பேக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், முன்னால் இரண்டு ஏர்பேக். ஓடியது 84,000 கி.மீ. சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் மூன்று ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே வண்டியைத் திரும்ப அழைப்பது) காட்டுகிறது.

டிரைவர் பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் (பையை வாயுவால் விரிக்கும் பாகம்): முடிந்தது.
ஸ்டியரிங் கன்ட்ரோல் யூனிட் சாஃப்ட்வேர்: முடிந்தது.
டேங்குக்குள் இருக்கும் ஃப்யூயல் பம்ப்: நிலுவை.

ஓனர்கள் எழுதிய புகார்களைப் படித்தால் பட்டியல் வேறு மாதிரி நீள்கிறது. ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது, ஸ்டியரிங் திடீரென்று கனக்கிறது, டேங்க் நிரப்பினால் உள்ளே பெட்ரோல் வாடை. இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன.

நிலுவை இருக்கிற காரை விட்டுவிட வேண்டுமா? "முடிந்தது" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பலாமா? புகார் குவிந்தும் ரீகால் வராத விஷயங்களை எப்படி எடுத்துக்கொள்வது? வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும்போது குறிப்பாக எதைச் சோதிக்க வேண்டும்?


ஸ்பானர்12 எழுதியது:

நிலுவையைப் பார்த்துப் பயப்படாதீங்க. அந்த மூணுல ரொம்பத் தெளிவா இருக்கிறது அதுதான். பம்ப்ல குறை இருக்குன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டாச்சு, புதுப் பம்ப் அவங்க செலவு. நீங்க எத்தனையாவது ஓனர்ங்கிறது கணக்கே இல்லை. ரீகால் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை.

பார்க்க வேண்டியது நிலுவையா இல்லையாங்கிறதை விட, எந்த மாதிரி நிலுவைங்கிறதை. அறிவிப்புல கீழே ஒரு வரி இருக்கும், இடைக்காலத்துல என்ன செய்யணும்னு. "அருகில் உள்ள சர்வீஸ் சென்டரில் சரிசெய்துகொள்ளவும்"னு மட்டும் இருந்தா சாதாரணம். "வீட்டுக்கு வெளியே, கட்டடத்தை ஒட்டாமல் நிறுத்தவும்"னு இருந்தா வண்டி அணைச்சு நிக்கும்போதும் தீப்பிடிக்கலாம்னு அர்த்தம். 2023 செப்டம்பர்ல ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவுல சுமார் 34 லட்சம் வண்டிக்கு இப்படிச் சொன்னாங்க. அதுல ஆக்சென்ட், ரியோ மாதிரி சின்ன வண்டிங்களும் உண்டு. ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள பிரேக் ஆயில் கசிஞ்சு ஷார்ட் ஆகுது. சரிசெய்த விதம் என்னன்னா ஃப்யூஸ் மாத்துறது! யூனிட் பழசுதான், கரண்ட் எகிறுறதைத்தான் தடுத்தாங்க. இந்த மாதிரி வண்டியில ரீகால் முடிஞ்சாலும் பிரேக் ஆயில் மட்டம் இறங்குதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்.

மூணாவது வகை "ஓட்டாதீர்கள்". 2023 ஜனவரில மாருதி 17,362 வண்டிக்கு அப்படிச் சொல்லுச்சு. ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, பலேனோ எல்லாம் அதுல வரும். ஏர்பேக் கன்ட்ரோலர் பிரச்சினை, மோதினா பை விரியாமலும் போகலாம், மோதும்போது பெல்ட்டை இறுக்குற பிரீடென்ஷனரும் வேலை செய்யாம போகலாம். 2022 டிசம்பர் 8-லிருந்து 2023 ஜனவரி 12 வரைக்கும் தயாரான வண்டிங்க மட்டும்தான். கவனிங்க, மொத்தமே அஞ்சு வாரம். அதனால "2022 மாடலுக்கு ரீகால் இருக்கா"ன்னு கேட்கிறதே தப்பான கேள்வி. ரீகால் ஓடுறது தயாரிப்புத் தேதியிலும் சேசிஸ் நம்பர் வரிசையிலும். ஒரே வருஷம், ஒரே கலர், பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு வண்டியில ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே. 17 எழுத்தையும் அடிச்சுத்தான் பார்க்கணும். அதுல ஐ, ஓ, க்யூ எழுத்து வரவே வராது. ஓ மாதிரித் தெரிஞ்சா அது பூஜ்யம்.

இப்ப உங்க பம்ப். டென்ஸோ தயாரிச்ச பம்ப்புக்கு 2020-லிருந்து டொயோட்டா, ஹோண்டான்னு வரிசையா ரீகால் வந்ததே, அந்தக் குறையைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததும் புரியும். பம்ப்புக்குள்ள பெட்ரோலைத் தள்ளுற பிளாஸ்டிக் சக்கரம், இம்பெல்லர். அதோட அடர்த்தி குறைவா வார்த்துட்டா பெட்ரோலை உறிஞ்சி வீங்கும். வீங்கினா சுத்தியிருக்கிற உடம்புல உரசும். முதல்ல சத்தம், அப்புறம் பிரஷர் குறைச்சல், கடைசியில மோட்டார் நின்னுடும். இன்ஜின் ஓடும்போதே அணையும், திரும்ப ஸ்டார்ட் ஆகாது. உங்க வண்டிக்கு அதே காரணமான்னு அறிவிப்புல "குறைபாட்டின் காரணம்"னு இருக்கிற பத்தியைப் படிச்சுப் பாருங்க.

மாத்தப் போகும்போது டேங்க்ல கால்வாசிக்குக் கீழே பெட்ரோல் இருக்கட்டும். பெரும்பாலான சின்ன வண்டியில பம்ப் பின் சீட்டுக்கு அடியில. பம்ப்போட சேர்த்து, அதை டேங்க்ல இறக்குற வாயில உட்கார்ற ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங்கும் புதுசாப் போடணும், பழசைத் திருப்பிப் போட்டா வாடை நிச்சயம். மாத்தின பிறகு சாவியை ஆன்ல வெச்சு ரெண்டு மூணு செகண்ட், அணைச்சு, திரும்ப ஆன். மூணு தடவை செஞ்சா லைன்ல பிரஷர் ஏறிடும். அப்புறம் டேங்கை நிரப்பி ஒரு நாள் பார்க்கணும். பாதி டேங்க்ல கசிவு தெரியாது.


ஆம்பியர் எழுதியது:

ஸ்பானர் சொன்னது சரி. ஆனால் எனக்குக் கவலை தருவது உங்கள் பட்டியலின் முதல் வரி. ஏர்பேக் "முடிந்தது" என்ற சொல்லுக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு நிலைமை இருக்கலாம்.

முதலாவது, நிஜமாகவே புதிய வகை இன்ஃப்ளேட்டர் மாற்றியிருக்கிறார்கள். நல்லது.

இரண்டாவது, பழைய வகையையே புதிதாக மாற்றியிருக்கிறார்கள். டகாட்டா என்ற ஏர்பேக் தயாரிப்பாளரின் விவகாரத்தில் இது பெரிய அளவில் நடந்தது. அந்த இன்ஃப்ளேட்டரில் வாயு உண்டாக்கும் மருந்து அம்மோனியம் நைட்ரேட். ஈரப்பதமும், பகல் சூடு இரவு குளிர் என்று மாறிமாறி வரும் வெப்பமும் பல ஆண்டுகள் சேர்ந்து அந்த மருந்து வில்லைகளைப் பொடிக்கின்றன. பொடிந்தால் எரியும் பரப்பு கூடுகிறது. ஒரு கண நேரத்தில் எரிய வேண்டியது அதைவிட வேகமாக எரிந்து, இரும்புக் கூடே வெடித்து, துண்டுகள் முகத்தை நோக்கி வருகின்றன. ஈரத்தை உறிஞ்சும் டெசிகன்ட் சேர்க்காத வகைதான் மோசம். மாற்று வடிவம் போதுமான அளவு கிடைக்காத காலத்தில், அதே வகையில் புதியதைத் தற்காலிகமாகப் பொருத்தினார்கள். வயது குறைவு என்பதால் உடனடி ஆபத்து குறைவு, அவ்வளவுதான். அந்த வண்டிகளுக்குப் பிறகு இரண்டாவது ரீகால் வந்தது. முதல் ரீகால் ரசீதைக் காட்டி "எல்லாம் மாற்றியாச்சு" என்று விற்பவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ரீகால் எண்ணைப் பாருங்கள். ஒரே பாகத்துக்கு இரண்டு எண் இருந்தால் இரண்டும் முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வெறும் பரிசோதனை. சில ரீகால்களில் தீர்வே "பேட்ச் எண்ணைப் பார், பட்டியலில் இருந்தால் மாற்று, இல்லையென்றால் விட்டுவிடு" என்பதுதான். பார்த்துவிட்டு மாற்றாமல் விட்டாலும் கணினியில் "முடிந்தது" என்றே வரும். அது தவறல்ல. ஆனால் மாற்றினார்களா, பார்த்தார்களா என்று தெரிய வேண்டும்.

நான்காவது நிலைமையைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ரீகால் வேலை ஒழுங்காக முடிந்திருக்கும். அதற்குப் பிறகு வண்டி மோதி ஏர்பேக் விரிந்திருக்கும். பழைய இரும்புக் கடையில் உடைத்த வண்டியிலிருந்து ஸ்டியரிங் பேடை எடுத்துப் பொருத்தியிருப்பார்கள். அந்த பேடுக்குள் ரீகாலில் சிக்கிய பழைய இன்ஃப்ளேட்டர் இருக்கலாம், போலியாகத் தயாரித்ததும் இருக்கலாம். சேசிஸ் நம்பர் தேடலுக்கு இது தெரியவே தெரியாது. அது காரின் வரலாற்றைச் சொல்லும், காரில் இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லாது.

எனவே செய்ய வேண்டியது: ரீகால் செய்த நாளின் ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டு) நகலைக் கேளுங்கள். அதில் கழற்றிய பாகத்தின் எண், பொருத்திய பாகத்தின் எண், இன்ஃப்ளேட்டர் சீரியல் எண் மூன்றும் இருக்க வேண்டும். அதன்பின் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். எரிந்து, ஆறேழு வினாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம், பல்பையோ வயரையோ பிடுங்கியிருக்கிறார்கள். ஆயில் விளக்கு அணையும்போதே கூடவே அணைந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஸ்டியரிங் பேடின் நிறமும் சொரசொரப்பும் டேஷ்போர்டோடு ஒத்துப்போகிறதா, டேஷ்போர்டின் பயணி பக்க மூடியில் வெட்டுக் கோடோ பசையோ தெரிகிறதா, பெல்ட்டை இழுத்து விட்டால் முழுதாக உள்ளே போகிறதா என்பதையும் பாருங்கள்.

ஏர்பேக் வயரில் மல்டிமீட்டர் வைத்து ரெசிஸ்டன்ஸ் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். மீட்டர் அனுப்பும் சின்ன கரண்ட்டே இன்ஃப்ளேட்டரைத் தட்டிவிடலாம். மஞ்சள் கனெக்டர் எதையும் பேட்டரி கழற்றாமல் தொடக்கூடாது. கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்ட் வடிய, அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும்.

டகாட்டா பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2009 முதல் 2019 வரை தயாரான சிட்ரோயன் சி3, டிஎஸ்3 கார்களை ஓட்ட வேண்டாம் என்று தென் ஐரோப்பிய ஓனர்களுக்கு 2024 மே மாதம்தான் சொன்னார்கள். பழைய ஹோண்டா, அக்யூரா வண்டிகளில் 2001 முதல் 2003 வரையிலான சில மாடல்களின் இன்ஃப்ளேட்டர் மோதலில் வெடிக்க 50 சதவீதம் வரை வாய்ப்பு என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. 2016-ல் அறிவித்தது. வயது ஏற ஏற ஆபத்து ஏறும் பாகம் இது.


கியர்நாக் எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு ப்ரோ? ஒரு மாடலுக்கு நூத்துக்கணக்குல புகார் இருந்தா அந்த மாடலே வேண்டாம். புகார் இல்லாத வண்டியை வாங்கிட்டுப் போயிடலாம்.


ஜாப்கார்டு எழுதியது:

கியர்நாக், புகார் இல்லாத வண்டி என்றால் யாரும் வாங்காத வண்டி என்றுதான் அர்த்தம். ஐந்து லட்சம் விற்ற மாடலுக்கு 300 புகாரும், இருபதாயிரம் விற்ற மாடலுக்கு 40 புகாரும் இருந்தால் இரண்டாவதுதான் மோசம். எண்ணிக்கையை விற்பனையால் வகுக்காமல் பேசிப் பயனில்லை. தொலைக்காட்சியில் செய்தி வந்த மறுவாரம் புகார் குவிவதும் வழக்கம், அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

புகார்களைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. தலைப்பை நம்பாதீர்கள். எந்தப் பாகம் என்று தேர்ந்தெடுப்பது ஓனர். ஓடும்போது அணைந்த ஒரே கோளாறை ஒருவர் "இன்ஜின்" என்றும், ஒருவர் "எரிபொருள்" என்றும், இன்னொருவர் "எலக்ட்ரிகல்" என்றும் போட்டிருப்பார். மூன்று இடத்திலும் தேடி, உள்ளே எழுதியிருப்பதைப் படித்து, கி.மீ., வேகம், சூடா குளிரா, திரும்ப ஸ்டார்ட் ஆக எத்தனை நேரம் என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். முப்பது புகாரைத் தாண்டுவதற்குள் அவை தாமாகவே இரண்டு மூன்று கட்டாகப் பிரியும். 20,000 முதல் 40,000 கி.மீ.க்குள் குவிந்தால் தயாரிப்புக் குறை. 80,000-லிருந்து ஒன்றரை லட்சம் வரை பரந்து கிடந்தால் தேய்மானம். குறிப்பிட்ட சில மாதங்களில் தயாரான வண்டிகளில் மட்டும் வந்தால் ஒரு பேட்ச் சப்ளை கெட்டிருக்கிறது.

இன்னொன்று, அதே கார் வேறு பெயரிலும் ஓடும். ஜாஸை வேறு நாடுகளில் ஃபிட் என்பார்கள். மாருதி ஏ-ஸ்டார் வெளிநாட்டில் நிஸான் பிக்ஸோவாகவும் ஓடியது. உங்கள் மாடலின் இரட்டைப் பிறவி எது என்று பார்த்து அதன் புகாரையும் படியுங்கள். ஒரு நாட்டில் ரீகால் ஆன பாகம் இன்னொரு நாட்டில் வெறும் புகாராகவே கிடப்பதுண்டு.

ரீகாலுக்கும் புகாருக்கும் நடுவில் இரண்டு படி இருக்கிறது, அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒன்று டெக்னிகல் புல்லட்டின். "இப்படிப் புகார் வந்தால் இப்படிச் சரிசெய்" என்று கம்பெனி சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பும் தாள். வாரன்ட்டிக்குள் இருந்தால் இலவசம், தாண்டினால் உங்கள் காசு. இரண்டாவது வாரன்ட்டி நீட்டிப்பு. ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் வந்த ட்ரை டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் (இரண்டு கிளட்ச்சை வைத்துத் தானாகக் கியர் மாற்றுவது) நல்ல உதாரணம். உள்ளீட்டு ஷாஃப்ட் சீல் கசிந்து எண்ணெய் கிளட்ச் தட்டில் பட்டு, முதல் கியரில் நகரும்போது வண்டி உதறும். அது தனி. கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட்டில் சால்டர் விட்டுப்போய் ஓடும்போது நியூட்ரலுக்குப் போவது தனி. அமெரிக்காவில் இதற்கு ஃபோர்டு வாரன்ட்டியைத்தான் நீட்டியது. கிளட்சுக்கும் சீலுக்கும் 7 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல், கன்ட்ரோல் யூனிட்டுக்கு 10 ஆண்டு அல்லது ஒன்றரை லட்சம் மைல். ஆஸ்திரேலியாவில் புகார்தாரர்களை நடத்திய விதத்துக்காக 2018-ல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. இப்படிப்பட்ட நீட்டிப்பு, ரீகால் தேடலில் வரவே வராது. சர்வீஸ் சென்டரில் "ஓப்பன் கேம்பெய்ன், சர்வீஸ் கேம்பெய்ன், வாரன்ட்டி எக்ஸ்டென்ஷன் மூன்றையும் பாருங்கள்" என்று சேர்த்தே கேட்க வேண்டும். ரீகாலை மட்டும் கேட்டால் ரீகாலை மட்டும்தான் சொல்வார்கள்.

புல்லட்டின் மட்டும் வந்தால் ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெவர்லே கோபால்ட், சின்ன கார்தான். சாவியை ஆன் நிலையில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் ப்ளன்ஜரும் பலவீனம். சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் இடித்தாலோ சாவி ஒரு படி பின்னால் நழுவும். இன்ஜின் அணையும், பவர் ஸ்டியரிங் போகும், பிரேக் கெட்டிப்படும், எல்லாவற்றுக்கும் மேல் ஏர்பேக்கும் செத்துவிடும். 2005-லேயே புல்லட்டின் விட்டார்கள், சாவிக்கொத்திலிருந்து கனமானதை எடுத்துவிடச் சொல்லி. ரீகால் வந்தது 2014-ல். கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் 124. நடுவில் 2006-ல் சுவிட்ச்சின் உள்பாகத்தை மாற்றினார்கள், ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை. அதனால் பழைய சுவிட்ச் எது, திருத்தியது எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாமல் போனது. பழைய ஸ்டாக் பாகத்தை நல்ல வண்டியில் பொருத்தி அதையும் கெடுத்த கதையும் இதனால்தான். பார்ட் நம்பர் ஒன்றே என்றால் தயாரிப்புத் தேதியையும் கேட்பது வீண் பிடிவாதம் இல்லை.


டார்க்ரெஞ்ச் எழுதியது:

ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் மூன்று புகாருக்கும் மட்டும் சொல்கிறேன்.

ஓடும்போது அணைவது. இது ஒரு கோளாறு இல்லை, ஒரே பெயரில் மூன்று கோளாறு. சிக்னலை நெருங்கி கிளட்ச்சை மிதிக்கும்போது, ஏசி போட்டிருக்கும்போது அணைந்தால் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி. சுத்தம் செய்து ஐடில் ரீலேர்ன் (ஐடில் வேகத்தை இன்ஜின் கணினிக்குப் புதிதாகப் பழக்குவது) கொடுத்தால் போதும், ரீகாலோடு சம்பந்தமில்லை. நல்ல சூட்டில் திடீரென்று வெட்டியதுபோல் அணைந்து, அரைமணி நேரம் ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனால் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். வேகம் ஏற்றும்போது முக்கி, இழுவை குறைந்து, பிறகு அணைந்தால் ஃப்யூயல் பம்ப்.

கடைசி இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி. அணைந்த கணத்தில் வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். அப்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். இன்ஜின் சுற்றியும் முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் சென்சார் சிக்னல் போய்விட்டது. முள் வண்டி வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் சிக்னல் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. ஸ்கேனரில் பி0335 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0087 வந்தால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில் பிரஷர் குறைவு. ஆனால் சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் பிரஷர் சென்சாரே கிடையாது. அதனால் பம்ப் செத்தும் கோடு எதுவும் வராமல் இருக்கலாம். பிரஷர் கேஜ் மாட்டித்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 3 முதல் 4 பார், சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஐடிலில் சரியாகக் காட்டி, ரேஸ் கொடுத்தால் சரியும் பம்ப் சீக்கிரம் போகப்போகிற பம்ப்.

ஸ்டியரிங் கனப்பது. முதலில் பேட்டரி. எலக்ட்ரிக் ஸ்டியரிங் கடைசிவரை திருப்பும்போது 50 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும், வோல்டேஜ் விழுந்தால் யூனிட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியைக் குறைக்கும். அணைத்து வைத்த பேட்டரி 12.4-க்குக் கீழே இருக்கக்கூடாது, இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட். ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டு நின்ற இடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி ஐந்து முறை திருப்புங்கள். இருபது முப்பது முறை விடாமல் திருப்பினால் மோட்டார் சூடாகி எந்த நல்ல வண்டியிலும் கனக்கத்தான் செய்யும், அது வடிவமைப்பே அப்படி. பார்க்கிங்கில் கனக்கிறது என்று எழுதிய புகார்களில் இதுவும் கலந்திருக்கும்.

ஆபத்தானது வேறு. 80 கி.மீ. வேகத்தில் நேராகப் போகும்போது ஸ்டியரிங் நடுவில் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்து, சின்னத் திருத்தம் செய்ய அழுத்தினால் சட்டென்று தாண்டிப் போவது. ஹோண்டா சிவிக் ஓனர்கள் முதலில் இதைத்தான் எழுதினார்கள். விசாரணை நடந்து 2024 அக்டோபரில் 17 லட்சம் வண்டிக்கு ரீகால் வந்தது, ஸ்டியரிங் கியர்பாக்ஸின் வார்ம் வீல் என்ற பல்சக்கரத்தில் உராய்வு கூடியதுதான் காரணம். இது பத்து நிமிட ஓட்டத்தில் தெரியாது. இன்ஜினும் ஸ்டியரிங்கும் நன்றாகச் சூடாக, குறைந்தது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும்.

உங்களுக்கு ஸ்டியரிங் சாஃப்ட்வேர் ரீகால் "முடிந்தது" என்கிறதே, அதைச் சோதிப்பது எளிது. ஸ்கேனரில் ஸ்டியரிங் யூனிட்டின் சாஃப்ட்வேர் எண்ணைப் படித்து ரீகால் தாளில் உள்ள புதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். யூனிட்டை யாராவது பழைய வண்டியிலிருந்து மாற்றியிருந்தால் பழைய எண்ணே காட்டும்.

பெட்ரோல் வாடை. முழு டேங்கில் மட்டும், அதுவும் வளைவிலும் மேட்டிலும் வந்தால் பம்ப் வாயின் ஓ-ரிங். ஸ்பானர் மேலே சொன்னதுதான். 2010-ல் மாருதி ஏ-ஸ்டார் ஒரு லட்சம் வண்டியைத் திரும்ப அழைத்ததும் அந்த இடத்துக் கசிவுக்குத்தான். பின் சீட்டைத் தூக்கி மூடியைக் கழற்றினால் தூசி ஈரமாகக் கறுத்திருக்கும். முன்பக்கம் காலை முதல் ஸ்டார்ட்டில் வந்தால் இன்ஜெக்டர் ஓ-ரிங்கையும் ஹோஸ் கிளாம்பையும் பாருங்கள். பங்கில் முதல் கிளிக்குக்குப் பிறகும் அமுக்கி அமுக்கி நிரப்பினால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டரில் பெட்ரோல் ஏறி அதே வாடை வரும். அது ஓனரின் தவறு, காரின் மேல் போடக்கூடாது.


மூன்றாம்கியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். பம்ப் ஸ்டாக் இல்லை, வர எட்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை வண்டியை ஓட்டலாமா? ரீகாலில் வராத கோளாறு ஒன்று வாங்கிய பிறகு தலைதூக்கினால், புகாரை எப்படி எழுதினால் மதிப்பு இருக்கும்? "ஓட்டிப் பார்த்தோம், கோளாறு எதுவும் இல்லை" என்று திருப்பி அனுப்புவதுதான் வழக்கம் போலிருக்கிறது.


ஜாப்கார்டு எழுதியது:

பம்ப் வரும்வரை: அறிவிப்பில் "ஓட்டாதீர்கள்" இல்லையென்றால் ஓட்டலாம். வேகச் சாலையில் நடு லேனைத் தவிருங்கள், அணைந்தால் ஓரம் கட்ட இடம் வேண்டும். டேங்கைக் கால்வாசிக்குக் கீழே விட வேண்டாம், பம்ப் மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் கூடினாலோ, பின் சீட்டிலிருந்து ரீங்காரம் ஏறினாலோ அன்றே நிறுத்திவிடுங்கள். முன்பதிவை வாயால் செய்யாதீர்கள். ரீகால் எண், சேசிஸ் நம்பர், பாகம் ஆர்டர் செய்த தேதி மூன்றும் எழுத்தில் வேண்டும். நடுவில் நீங்களே காசு கொடுத்து மாற்ற நேர்ந்தால் பழைய பம்ப்பையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள், பணம் திரும்பக் கேட்க இரண்டும் தேவைப்படும்.

வயது வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இலவசமாகச் சரிசெய்யும் கடமை 15 ஆண்டு வரை. இந்தியாவில் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாய ரீகால் விதி ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. அதற்குமேல் கம்பெனி தானாக முன்வந்தால்தான். உங்கள் பம்ப்புக்கு அறிவிப்பே வந்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை. என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது முடிக்காத ரீகாலை மட்டும் காட்டும், முடித்ததைக் காட்டாது, வெளிநாட்டுக்கென்று தயாரித்த வண்டியையும் காட்டாது. "எதுவும் இல்லை" என்று வந்தால் மூன்றில் எது என்று யோசிக்க வேண்டும்.

புகார் எழுதுவது. "வண்டி அடிக்கடி நின்றுவிடுகிறது, மிகவும் பயமாக இருக்கிறது" என்று எழுதினால் படிக்கிறவர் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

"தேதி, நேரம். மீட்டர் 85,120 கி.மீ. நான்காவது கியர், 60 கி.மீ. வேகம், 2,100 ஆர்பிஎம், ஏசி ஆன், டேங்க் அரை. ஓடத் தொடங்கி 40 நிமிடம். முன்னறிகுறி இல்லாமல் இன்ஜின் அணைந்தது, ஆர்பிஎம் முள் உடனே பூஜ்யம். ஸ்டியரிங் கனத்தது. ஆயில், பேட்டரி விளக்குகள் எரிந்தன. 25 நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. இது மூன்றாவது முறை, முந்தைய இரண்டும் இந்தத் தேதிகளில்."

இதைப் படித்தால் மெக்கானிக் எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்வார். விசாரிக்கும் அமைப்பும் மற்ற நூறு புகாரோடு சேர்த்துப் பார்க்க முடியும். காயம், தீ, மோதல் ஏதாவது நடந்திருந்தால் அதை முதல் வரியில் போடுங்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்முன் ஸ்கேனரில் வரும் கோளாறுக் கோடுகளை அழிக்காதீர்கள், பேட்டரியைக் கழற்றாதீர்கள். கோடோடு சேர்ந்து அந்தக் கணத்தின் வேகமும் சூடும் ஃப்ரீஸ் ஃப்ரேமாகப் பதிந்திருக்கும், அழித்தால் சாட்சி போச்சு. உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று போட்டால் கையெழுத்துப் போட வேண்டாம். கோளாறு கிடைக்கவில்லை என்றாலும், எத்தனை கி.மீ. ஓட்டிப் பார்த்தார்கள், என்ன கோடு இருந்தது என்று எழுதி மூடச் சொல்லுங்கள். "கோளாறு இல்லை" என்று தேதியோடு மூன்று ஜாப் கார்டு சேர்ந்தால் அதுவே பிறகு உங்கள் பக்கத்துக்குப் பலம். வாரன்ட்டி முடிவதற்கு முன்பே புகார் இருந்தது என்று காட்டும்.


ஆம்பியர் எழுதியது:

ஒரு சின்ன சேர்க்கை. விற்பவரின் பெயரிலும் முகவரியிலும்தான் இப்போது ரீகால் கடிதம் போகும். வண்டி உங்கள் பெயருக்கு மாறிய அன்றே தயாரிப்பாளரின் தளத்தில் ஓனர் விவரத்தை மாற்றிவிடுங்கள். பதிவு மாறினால் அவர்களுக்குத் தானாகத் தெரியும் என்று இருக்க வேண்டாம். அதோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, டயர் மாற்றிப் போடும் நாளில், சேசிஸ் நம்பரை மறுபடி அடித்துப் பாருங்கள்.


ஸ்பானர்12 எழுதியது:

டிரைவர் கதவுல பவர் விண்டோ சுவிட்ச் இருக்கா? மழைத்தண்ணி, டீ சிந்தின கறை இருக்கான்னு அதையும் பாருங்க. 2010-ல ஹோண்டா உலகம் முழுக்க ஃபிட், ஜாஸ், சிட்டின்னு 6,46,000 வண்டியைத் திரும்பக் கூப்பிட்டது அந்த சுவிட்ச்சுக்குள்ள தண்ணி இறங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்னுதான். உங்க மாடலுக்கு அப்படி எதுவும் இல்லைன்னாலும் கண்ணாடி தானா இறங்குறது, சுவிட்ச் சூடா இருக்கிறது, கருகின வாடை, இதுல ஒண்ணு இருந்தாலும் சுவிட்ச்சைக் கழட்டிப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.